சந்து முனையில் செத்த நேரம்

வீட்டில் நான் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும் என்பார் என் வீட்டுக்காரர். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார். ஆனாலும் நான் சத்தமாகப் பேசுகிறவள்தான், மறைக்க முடியாது. நூல் மில்லில் மெஷின் பார்க்கிற பொம்பளைகள் எல்லோருக்கும் இது உண்டு. ஷிஃப்ட் முழுக்க அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வெளியே வந்தால், ஊரே செவிடு என்று ஒரு நினைப்பு வந்துவிடும். "உப்ப எடுங்க" என்று கேட்டால் அவர் காதைப் பொத்திக்கொண்டு, "ஏன்டி, நான் என்ன எரியோடு பஸ் ஸ்டாண்டுலயா நிக்கிறேன்? இந்தா, பக்கத்துலதான ஒக்காந்துருக்கேன்" என்பார்.

இவ்வளவு சத்தக்காரியான நான், வாழ்க்கையில் யாரிடம் அதிகம் பேசினேனோ அவளிடம் வாயால் பேசியதே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் பக்கம் வந்தால் ரோட்டோரம் நூல் மில்களாகத்தான் இருக்கும். அதில் ஒன்றில் எனக்கு வேலை. பேர் வேண்டாம். நூல் நூற்கிற மெஷினை ஃப்ரேம் என்போம். ஆள் உயரத்தில், இந்த முனையில் நின்று பார்த்தால் அந்த முனையில் நிற்பவள் சின்னப் பிள்ளையாகத் தெரிகிற நீளத்தில் இருக்கும். மேலே தொங்குகிற பஞ்சுத் திரி உருளைகளுக்குள் போய் மெலிந்து, கீழே சுற்றுகிற கதிரில் நூலாக ஏறும். நடுவில் எங்கேயாவது இழை அறும். அதைப் பார்த்து ஒட்ட வேண்டும். அறுந்த நுனியை எடுத்து உருளையின் வாயில் காட்டினால், வருகிற பஞ்சு அதை லபக்கென்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பு விரலுக்குத் தெரியும். சொன்னால் சிரிப்பீர்கள், ஒவ்வொரு தடவையும் எனக்கு அது பிடிக்கும். காலையில் இருந்து எத்தனை ஒட்டியிருந்தாலும் அடுத்ததும் பிடிக்கும்.

இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே நடக்கிற வழியைச் சந்து என்போம். அப்போதெல்லாம் ஒரு சந்துக்கு இரண்டு பேர். இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அவளுக்கு. அவள் திண்டுக்கல் டவுன்காரி, முஸ்லிம் வீட்டுப் பெண். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் எரியோடு பக்கத்துக் கிராமத்துக்காரி. எங்கள் வீட்டில் முருங்கையும் தக்காளியும் விவசாயம். அவள் வருகிற மில் பஸ் வேறு, நான் வருகிற மில் பஸ் வேறு. சாப்பாட்டுக்கும் சேர்ந்து போக முடியாது. நான் சாப்பிடப் போனால் என் பக்கத்தை அவள் பார்ப்பாள், அவள் போனால் அவள் பக்கத்தை நான் பார்ப்பேன். கேட்டுக்கு வெளியே பஸ் ஹாரன்களுக்கு நடுவே கையை ஆட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். ஒன்றிரண்டு தடவை "வாரேங்க்கா" என்று காதில் விழுந்திருக்கும். தொண்டை கட்டியிருக்கிறது போல என்று நினைத்திருப்பேன்.

உள்ளே பேச்சு முழுக்கக் கையில்தான். தலையில் தொப்பி, காதில் அடைப்பான், மூக்கு வாயெல்லாம் மூடி மாஸ்க். அப்புறம் எதை வைத்துப் பேச? மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையை முறுக்க வேண்டும். மேனேஜர் என்றால் காதில் போன் வைக்க வேண்டும், அவர் காதில் இருந்து அது இறங்கியதே கிடையாது. அவள் வீட்டுக்காரருக்கு ஆட்டோ ஹேண்டிலை முறுக்குவாள், என் வீட்டுக்காரருக்கு நான் முருங்கைக் காய் ஒடிப்பேன். மாமியாருக்கு ஒரு சைகை உண்டு, அதை எழுத மாட்டேன். ஒடிசாவில் இருந்து மில் ஹாஸ்டலுக்கு வந்த பெண்களுக்குத் தமிழில் தண்ணி என்று சொல்லத் தெரியாத நாளிலேயே எங்கள் கைப்பேச்சு தெரிந்துவிட்டது. மாமியார் சைகையைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லோரையும்விட அவள் கைதான் அழகு. ஒல்லியான ஆள், நீள விரல். ஒரு கதை சொன்னால் கல்யாண வீட்டில் பந்தி நடக்கிற மாதிரி விரல்கள் அங்கேயும் இங்கேயும் ஓடும். தினமும் காலையில் அவள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். விரல் ஐந்தையும் கூட்டி, சோற்றுக்கு மேலே எதையோ வைப்பது மாதிரி ஒரு தட்டுத் தட்டுவாள். இன்றைக்கு என்ன வெஞ்சனம் என்று அர்த்தம். நான் பதில் சொல்ல வேண்டும். கத்தரிக்காய்க்குக் காம்பு, அவரைக்குப் பிஞ்சை நாரெடுப்பது. அவள் பதிலுக்கு அவள் வீட்டுக் குழம்பைச் சொல்லுவாள். அதற்கப்புறம்தான் எனக்கு அன்றைக்கு வேலை ஆரம்பித்ததாகவே இருக்கும். கையாலேயே சண்டை போட்டு, கையாலேயே பேச்சை நிறுத்தி, மறுநாள் அதே வெஞ்சனத்தில் சேர்ந்துகொள்வோம். போனில் பேசினால் என்ன என்று கேட்பீர்கள். முழு ஷிஃப்டும் பேசியாயிற்று, போனில் பேச என்ன மிச்சம் இருக்கும்?

பிறகு ஒரு நாள் மேஸ்திரி வந்து, "நாளையில இருந்து சந்துக்கு ஒருத்தி" என்றார். ஆர்டர் கூடிவிட்டது, வேலைக்கு ஆள் வருவதில்லை, மெஷினும் முன்னைவிட வேகம் என்று காரணம் சொன்னார்கள். எல்லாம் நிஜம்தான், பொய் இல்லை. அவள் அடுத்த சந்துக்குப் போனாள். நடுவில் ஒரு ஃப்ரேம். திரிகளின் இடுக்கில் கண் தெரியும், கை தெரியாது. சரி, சந்து முனையில் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். அடுத்த பொங்கல் கழிந்ததும் "ஆளுக்கு ரெண்டு சந்து" என்று வந்தது. அதோடு முனைப் பேச்சும் போயிற்று. நான் இந்த முனைக்கு வரும்போது அவள் அந்த முனையில் இருப்பாள். தூரத்தில் ஒரு தொப்பி திரும்பிப் போவது தெரியும், அவ்வளவுதான்.

கால் வலித்தது. அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன், காட்டு வேலை செய்தாலும் கால் வலிக்கத்தான் செய்யும். வேறொன்று நடந்தது. ஒரு நாள் அறுந்து தொங்கிய இழையைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன். அடுத்த சந்தில் நிறைய அறுந்திருந்தது, அதை நோக்கிப் போனேன், அது சரி. ஆனால் தாண்டியது எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. முன்பெல்லாம் ஒரு இழை அறுந்து நின்றால், பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்த மாதிரி மனசு பதறும். இப்போது எவன் வீட்டு இழவோ என்று நடந்தேன். அன்றைக்குத்தான் பயந்துபோனேன். வேலை பிடிக்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. வீட்டில் எரிந்து எரிந்து விழுந்தேன். வீட்டுக்காரர் பாவம், உப்பைக் கேட்காமலே எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

எனக்கு மட்டும் இல்லை. திங்கள்கிழமை என்றால் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்தது. ஆபீசிலும் அது தெரிந்திருக்க வேண்டும். கைரேகை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டினார்கள். அதில் மூன்று மூஞ்சி: சிரிக்கிறது, சும்மா இருக்கிறது, அழுகிறது. வீட்டுக்குப் போகும்போது ஒன்றை அமுக்கிவிட்டுப் போக வேண்டுமாம், நாங்கள் திருப்தியாக இருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள. பக்கத்திலேயே செக்யூரிட்டி அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் பார்க்கும்போது யார் அழுகிற மூஞ்சியை அமுக்குவது? எல்லோரும் சிரிப்பை அமுக்கிவிட்டுப் போனோம். நான் ஒரு நாள் கோபத்தில் அழுகிறதை ஓங்கிக் குத்தினேன். "மெதுவா அமுக்கும்மா, ஒடஞ்சிரும்" என்றார் அவர். மூஞ்சியைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, பலகையைப் பற்றித்தான்.

அப்போதுதான் சக்கரம் வந்தது. ஓயாமல் அலைகிறவர்களைக் கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டு ஓடுறா என்று நம் பக்கம் சொல்வது உண்டு இல்லையா? எங்களுக்கு நிஜமாகவே கட்டிவிட்டார்கள். ஷூவுக்கு அடியில் நாலு சக்கரம். வேறு மில்களில் ஏற்கெனவே வந்துவிட்டதாம், நடக்க வேண்டாம், வழுக்கிக்கொண்டே போகலாம், கால் வலிக்காது என்றார் மேனேஜர். அவர் கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், மரியாதையான மனுஷன். "பயப்படாதீங்கம்மா, சொல்லித் தர ஆள் வருவாங்க. தீபாவளிக்குள்ள பழகிக்கோணுமுங்க. முடியாதவங்களுக்கு வைண்டிங்ல வேலை இருக்குதுங்க" என்றார்.

வைண்டிங் என்றால் நூற்ற நூலைப் பெரிய உருண்டையாகச் சுற்றுகிற இடம், வேறு கட்டடம். அதுவும் கௌரவமான வேலைதான். ஆனால் அங்கே இழை அறுந்தால் மெஷினே ஒட்டிக்கொள்ளும், நாம் நின்று பார்க்க வேண்டியதுதான். என் விரலுக்கு வேலை இல்லாத இடம். அவளும் இருக்க மாட்டாள். எனக்கு நாற்பதைத் தாண்டிய உடம்பு, கனத்த உடம்பு. கல்யாண வீட்டில் ஃபோட்டோவுக்கு மேடை ஏறச் சொன்னால்கூட யோசிப்பேன். நான் எங்கே சக்கரத்தில் நிற்பது? "பேரன் பேத்தி எடுக்குற வயசுல சர்க்கஸா?" என்று கேண்டீனில் கத்தினேன். எனக்குப் பேரனும் இல்லை பேத்தியும் இல்லை, கோபத்தில் வந்தது.

ஹாஸ்டல் பெண்கள் ஒரே வாரத்தில் பறந்தார்கள். அவளும் பழகிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் நான் என் சந்தில் மூச்சு வாங்க நடந்துகொண்டிருக்கிறேன், முனையில் ஒருத்தி சர்ரென்று போகிறாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைத் தாண்டிப் போகிற கார் மாதிரி. யார் என்று பார்த்தால் அவள்தான். பொறாமையாக இருந்தது. அதைவிட, அவள் இங்கேயும் நான் வைண்டிங்கிலும் என்று முடிவாகிவிட்டது போல இருந்தது. அன்றைக்கு அவளைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சக்கரம் பழகுகிறவர்களுக்காக அப்போது ஷிஃப்ட் முடிந்து அரை மணி கழித்துத்தான் பஸ்களை விட்டார்கள். கேட்டுக்குப் போகிற வழியில் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பஞ்சுக் குடோனுக்குப் பின்னால் ஒரு தாழ்வாரம், சிமெண்டுத் தரை, சுவரோரம் கழிவுப் பஞ்சு மூட்டைகள். என்னை ஒரு மூட்டையில் உட்கார வைத்து, பேசாமல் சக்கர ஷூவை என் காலில் மாட்டி, நாடாவைக் கட்டினாள். இரண்டு கையையும் பிடித்து எழுப்பினாள். நான் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, கீழ பாக்காதீங்க. என் மொகத்தப் பாருங்க."

எந்த ஆம்பளை வந்து நிற்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். திரும்பியதும் கால் போய்விட்டது. மூட்டை மேலே விழுந்தேன், நல்லவேளை. விழுந்த இடத்தில் இருந்து நிமிர்ந்து பார்த்தால் அவள் மட்டும்தான் நிற்கிறாள். அந்தக் குரல் அவளுடையது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி, பழனி, பழனி என்று கூப்பிடுவார்களே, அப்படி ஒரு கனத்த குரல், அந்த ஒல்லி உடம்பில் இருந்து வருகிறது. இத்தனை வருஷம் பேசியிருக்கிறோம், அவள் வீட்டு ரகசியம் அத்தனையும் எனக்குத் தெரியும், குரல் தெரியாது. எப்போதும் கையால் பேசுகிற இரண்டு பேர் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றால், பேசுவதற்கு வாய் ஒன்றுதானே மிச்சம்.

நான் என் முகத்தில் என்ன காட்டினேனோ தெரியவில்லை. அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு மெதுவாக என்றாலும் அது எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

"சிரிங்கக்கா, பரவால்ல. பள்ளிக்கூடத்துல என்னைய மைக்செட்டும்பாங்க. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா வாயவே தொறக்க விடல. நிக்காஹ்வுல சம்மதமான்னு கேட்டப்பக்கூட தலையத்தேன் ஆட்டுனேன். இந்த மில்லுக்கு வந்தப்பறம்தேன் நிம்மதி. இங்க யாருக்கும் கொரலு கெடையாதுல்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்த இரைச்சலை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன். இவளுக்கு அதுதான் நிழலாக இருந்திருக்கிறது. "சிரிக்கலடி. இன்னுஞ் செத்த நேரம் பேசு" என்றேன். "எதப் பேச?" என்றாள். "என்ன வெஞ்சனம், அதச் சொல்லு" என்றேன். அவள் நெத்திலிக் கருவாட்டைத் தொடங்கி, அவள் மகன் கருவாடு என்றால் ஓடுவதைச் சொல்லி, என்னை மறுபடி எழுப்பி, கையை விடாமல் பின்பக்கமாகவே நடந்தாள். நான் கேட்டுக்கொண்டே வழுக்கினேன். தாழ்வாரம் முடிந்து சுவர் வந்தபோதுதான் நான் நகர்ந்திருக்கிறேன் என்றே எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு தினமும் அந்த அரை மணி. உண்மையைச் சொன்னால் சீக்கிரமே பழகிவிட்டேன். பழகவில்லை என்று சொல்லிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். அவளுக்கும் தெரியும், கேட்கவில்லை. முழங்காலில் சிராய்ப்பு. வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "ஏன்டி, அப்புடியே மெட்ராஸ் வரைக்கும் உருண்டு போயிறாத, தக்காளி பறிக்க ஆள் இல்ல" என்றார். தீபாவளிக்கு முந்தின வாரம் மேனேஜர் முன்னால் இரண்டு சந்தும் சுற்றி வந்தேன். திரும்புகிற இடத்தில் ஃப்ரேமைப் பிடித்துத்தான் நின்றேன். பரவாயில்லை என்றார். எனக்கு வைண்டிங் இல்லை என்று ஆயிற்று. அன்றைக்கு அந்தப் பலகையில் சிரிக்கிற மூஞ்சியை நானாக அமுக்கினேன். செக்யூரிட்டி அண்ணன் அன்றைக்கு அங்கே இருக்கவும் இல்லை.

சக்கரத்தில் போனால் நேரம் மிச்சமாகிறது. மேனேஜர் சொன்னது பொய்யில்லை. மிச்சமான நேரத்தை நாங்கள் சந்து முனையில் செலவழித்தோம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நான் என் சந்தை முடித்து முனைக்கு வர, அவளும் அவள் சந்தை முடித்து வருவாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம்தான். விரலைக் கூட்டி ஒரு தட்டுத் தட்டுவாள், நான் காம்பைக் கிள்ளுவேன். திரும்பிவிடுவோம். மற்ற பெண்களும் அப்படித்தான் ஆங்காங்கே முனைகளில் நின்றார்கள். ஒடிசாப் பெண்கள் நின்ற வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போவார்கள். வேலை குறையவில்லை, அதே இரண்டு சந்துதான். ஆனால் அறுந்த இழை மறுபடி என் கண்ணில் பட ஆரம்பித்தது. தாண்டிப் போனால் மறுபடி மனசு பதறியது. அந்தப் பதற்றம் திரும்பி வந்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது, அவளைத் தவிர.

மாசி மாதத்தில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்ததும் கேண்டீன் ஹாலுக்கு வரச் சொன்னார்கள். மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அவர் முகமும் நன்றாக இல்லை, தூங்காத கண். காதில் இருந்த போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, "நல்ல விஷயந்தானுங்க. எல்லாரும் சக்கரத்துல நல்லாப் பழகிட்டீங்க. கேமராவுல பாத்தனுங்க, சந்து முனையில நிக்கறதுக்கு நேரம் இருக்குது. அதனால அடுத்த மாசத்துல இருந்து ஆளுக்கு மூணு சந்து பாத்துக்கலாமுங்களா?" என்றார்.

கேட்கிற மாதிரி இருந்தாலும் அது கேள்வி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்தது. நம்ம ஆளுங்களில் வாய்க்காரி நான்தான் என்பது ஊரறிந்தது. நானும் எழுந்தேன். மூணு சந்து என்றால் முனையில் நிற்க முடியாது. அவள் கை தெரியாது, இழை அறுந்தால் எவன் வீட்டு இழவோ என்று போவேன், மறுபடி அந்த நான். இத்தனையும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்துவிட்டது. "சார்!" என்று ஒரு கத்துக் கத்தினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கோபத்தில் என் கை பேச ஆரம்பித்துவிட்டது. மூன்று விரலைக் காட்டுகிறேன், முனையைக் காட்டுகிறேன், போனைக் காதில் வைத்து அவரையே காட்டுகிறேன். பெண்கள் எல்லோருக்கும் புரிந்தது, அவருக்கு மட்டும் புரியவில்லை. பின்னால் சிரிப்புச் சத்தம். நான் வெட்கத்தில் செத்தேன்.

அப்போது பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. அவள் எழுந்து நின்றாள். மாஸ்க்கைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சார், நான் பேசுறேன்."

ஹாலில் அத்தனை தலையும் திரும்பியது. மேனேஜரே ஒரு நிமிஷம் எனக்குப் பின்னால் யாரையோ தேடினார். எங்கோ ஒரு மூலையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவள் காதில் அது விழுந்திருக்கும். கண் லேசாக மூடித் திறந்தது. நான் அவள் துப்பட்டா நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"சக்கரம் நீங்க குடுத்தீங்க சார். நல்லதுதேன், கால் வலி கொறஞ்சிருக்கு. ஆனா விழுந்து எந்திரிச்சுப் பழகுனது எங்க முட்டிங்க. அதுல மிச்சமானது செத்த நேரம். அம்புட்டுத்தேன் எங்களுக்குன்னு இருக்கு. அதுல நாங்க வேற ஒண்ணும் பண்ணல சார், என்ன வெஞ்சனம்னு கேட்டுக்கிறோம். கேட்டுட்டுப் போனா வேல ஓடுது. அதையும் எடுத்துட்டீங்கன்னா நாங்க வருவோம், நிப்போம், போவோம். இழை அறுந்தா எங்களுக்கு என்னன்னு இருக்கும். அப்புடி நின்னு பாத்துட்டுத்தேன் சொல்றோம். மூணாவது சந்து வேணாம் சார்."

அந்தக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. சிரித்தவளும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மேனேஜர் கையில் போன் அடித்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு அமுக்கி நிறுத்திப் பையில் போட்டார். அந்த மனுஷன் போனை நிறுத்தி நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உக்காருங்கம்மா" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எனக்கும் மேல இருந்து சக்கரம் கட்டித்தானுங்க உட்டிருக்காங்க. எனக்கு நிக்கறதுக்கு முனையே கெடையாதுங்க" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை. ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்து மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டு வந்து, "இப்போதைக்கு ரெண்டே இருக்கட்டும்னுட்டாங்க" என்றார். இப்போதைக்கு என்ற வார்த்தை எங்களுக்கும் காதில் விழத்தான் செய்தது. மில்லை நான் அறிவேன், நாளைக்கே வேறு ஏதாவது வரும். வரட்டும், அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம். ஒரு சந்துக்கு இரண்டு பேர் நின்ற காலம் திரும்பி வரப் போவதில்லை, அதற்காக நான் அழவும் போவதில்லை.

மேஸ்திரி சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு நான் என் சந்தை முடித்து முனைக்கு வந்தேன். ஃப்ரேமைப் பிடிக்காமலே நின்றேன், இப்போது அதுவும் வருகிறது. அந்தப் பக்கம் இருந்து அவள் வந்தாள். முகத்தில் மாஸ்க், காதில் அடைப்பான், தொப்பியில் பஞ்சு. சுற்றிலும் காதைப் பிளக்கிற சத்தம். ஹாலில் அப்படிப் பேசியவள் இவள்தானா என்று கேட்கிற மாதிரி, அடக்கமாக வந்து நின்று, ஐந்து விரலையும் கூட்டி ஒரு தட்டுத் தட்டினாள்.

இத்தனை வருஷமாக அவள் கேட்கிற அதே கேள்விதான். முன்பு எனக்கு அது கை மட்டும்தான். இப்போது அந்த விரல் அசையும்போதே, மெஷின் இரைச்சலுக்கு மேலே, பழனி பழனி என்று கூப்பிடுகிற அந்தக் குரலும் எனக்குக் கேட்கிறது. நான் மாஸ்க்கை இறக்கிவிட்டு, கையால் சொல்லாமல் வாய்விட்டே கத்தினேன்.

"கத்தரிக்காடி!"

அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் கண் சிரித்தது. எனக்குப் பின்னால் ஒரு இழை அறுந்திருந்தது. அதை அவள்தான் கையைக் காட்டிச் சொன்னாள். நான் ஓடினேன்.